அத்துவிட ஒரு வழி

“இந்தக் கல்யாணத்தை அத்துவிடணும் வக்கீலய்யா. நாளைக்கே அத்துவிட்டாலும் எனக்குச் சம்மதம்.”

நல்லுசாமி சொல்லி முடிப்பதற்குள் பழனிமுத்து குறுக்கே விழுந்தார். “நாளைக்குன்னா எனக்குச் சம்மதமில்ல. இன்னைக்கே!”

பழனிமுத்துவின் ஆடுகள் நல்லுசாமியின் உருளைக்கிழங்குக் காட்டில் இறங்கிய நாளிலிருந்து மன்னவனூரில் அந்த இரண்டு வீட்டுக்கும் ஆகாது. இன்றைக்கு ஒரே கிழங்கு லாரியில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்து, கொடைக்கானலுக்கு வக்கீல் சம்சுல் ஆலத்தைத் தேடி வந்திருந்தார்கள்.

பின்னால் சுவரோரம் பழனிமுத்துவின் மகன் பொன்னுவேலும், நல்லுசாமியின் மகள் சண்முகவள்ளியும் நின்றார்கள். போன மாதம் இருவரும் ஊர் நடுவில் வந்து நின்று, பழனிக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கே அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டில் அடைத்தாயிற்று. இனி அவளைப் பார்க்கவே முடியாதோ என்ற பயம் பொன்னுவேலின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“யாரு முன்னால தம்பி தாலி கட்டினே?” என்றார் வக்கீல்.

“முருகன் முன்னாலங்க.”

“முருகனைக் கூண்டுல ஏத்த முடியாது. வேற சாட்சி?”

“ஒருத்தரும் இல்லீங்க. ரசீதும் வாங்கல.”

நல்லுசாமிக்குப் பொறுக்கவில்லை. “எங்க சாதியில துரும்பைக் கிள்ளிக் கையில குடுத்தாக் கல்யாணம் தீந்து போச்சு. இதுக்கு எதுக்குங்க கோர்ட்டு?”

“ரெண்டு பேரும் ஒரே சாதின்னா அந்த வழக்கம் செல்லும். இங்க நீங்க வேற, அவுக வேற. யாரு வழக்கப்படி கிள்ளறது?”

“எங்க வழக்கப்படி!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அம்பத்தஞ்சுல வந்த இந்துக் கல்யாணச் சட்டத்துல, மனசொத்துப் பிரியறதுக்கு இன்னும் இடம் வைக்கல. ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லணும். கெட்ட நடத்தை, மதம் மாறினது, தீராத பைத்தியம், இப்படி.”

“பைத்தியம்னு அவரு மகன் பேரைப் போடுங்க.”

“ஏன், உம்ம மக மட்டும் தெளிவா? தெளிவா இருந்தா எம்மகனைக் கட்டுவாளா?” என்று கேட்ட பிறகுதான் பழனிமுத்துவுக்குத் தான் யாரைத் திட்டினோம் என்பது உறைத்தது.

“அப்படியே விட்டுட்டா என்னங்க?” என்றார் நல்லுசாமி.

“ஊருக்கே சொல்லி வச்சிருக்காங்க. நாளைக்கு வேற இடத்துல கட்டிக் குடுத்தா, எவனாச்சும் ரெண்டாங் கல்யாணம்னு மொட்டைக் கடுதாசி போடுவான். ஜெயிலு வரைக்கும் போகும்.”

இரண்டு அப்பாக்களும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு வழி இருக்கு,” என்றார் வக்கீல். “அம்பத்திநாலுல ஒரு தனிச் சட்டம் வந்திருக்கு. எந்தச் சாதியா இருந்தாலும் பதிவாளர் முன்னாடி கட்டிக்கலாம். அப்படிக் கட்டினவங்களுக்கு ஒத்துவரலேன்னா, கொஞ்ச காலம் தனித்தனியா இருந்துட்டு, ரெண்டு பேரும் சேந்து கோர்ட்டுல மனுக் குடுத்துப் பிரியலாம். குத்தம் குறை சொல்ல வேண்டாம். வெரசா நடக்காது, வருஷக் கணக்காகும். ஆனா கௌரவமா முடியும்.”

“அதுக்கு நாங்க என்ன செய்யணும்?”

“பழனிக் கல்யாணத்துக்குத்தான் அத்தாட்சியே இல்லையே. அதனால முதல்ல பதிவாளர் முன்னாடி கல்யாணத்தைப் பண்ணணும். பெறகு பிரிக்கலாம்.”

“பிரிக்கறதுக்காகக் கட்டி வைக்கணுமா? நல்லாருக்குய்யா உங்க சட்டம்!” என்றார் பழனிமுத்து.

“எங்களுக்குச் சம்மதங்க,” என்றாள் சண்முகவள்ளி, குனிந்த தலை நிமிராமல்.

“பாத்தீங்களா, எம்பொண்ணுக்குப் புத்தி வந்துருச்சு,” என்று நல்லுசாமி பூரித்துப் போனார்.

கல்யாண அறிவிப்பை ஒரு மாதம் பதிவாளர் ஆபீஸ் பலகையில் ஒட்டி வைத்தார்கள். யாராவது ஆட்சேபணை சொன்னால் காரியம் கெடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அப்பாக்கள் முறை வைத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்து பலகைக்குக் காவல் இருந்தார்கள். சாதியைச் சொல்லித் தடுக்க வந்த பங்காளி ஒருவனை, “ஏலே, எம்மகன் கல்யாணத்துல ஒனக்கென்ன சோலி?” என்று பழனிமுத்து பஸ் ஸ்டாண்டு வரை விரட்டினார். அன்றைக்கு நல்லுசாமி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததாகக்கூடக் கேள்வி.

மாதம் முடிந்தது. பதிவாளர் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு அப்பாக்களும் வக்கீலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி நீங்கள் இனிக் கணவன் மனைவி என்று பதிவாளர் சொன்னதும், அப்பாக்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

“வா தாயி, போவோம். இனிமே பிரியற சோலியைப் பாப்போம்,” என்றார் நல்லுசாமி.

சண்முகவள்ளி நகரவில்லை. “அதுக்கு ரெண்டு பேரும் சம்மதிக்கணுமாமேப்பா. நான் சம்மதிக்க மாட்டேன்.”

“நானுந்தான்,” என்றான் பொன்னுவேல்.

பழனிமுத்துவுக்கு ஆத்திரம் பொங்கியது. “திருட்டுத்தனமாப் பழனியில தாலி கட்டினவன்தானே, வேற எப்படிப் பேசுவே?”

“பழனிக்கு நாங்க போகவே இல்லப்பா,” என்றான் பொன்னுவேல். “பாதி மலை எறங்கறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு, திரும்பிட்டோம். எங்களுக்குக் கல்யாணமே இன்னைக்குத்தான்; நடத்தி வச்சது நீங்க ரெண்டு பேருந்தான்.”