சாலையைப் பார்த்த வெளிச்சம்

அவள் மூட்டிய தீயின்மேல் அவன் மணலை வாரிக் கொட்டினான்.

ஓலை சீறி அணைந்தது.

"புகை லைட்ஹவுஸ் செவுத்துல படுதுக்கா. நேத்துதான் வெள்ளையடிச்சு முடிச்சாவ."

காவலாளிச் சீருடையில் நின்றவன் சந்தியாகு. அவளுடைய தெருக்காரன். அவள் கணவனோடு சில காலம் கடலுக்குப் போய், அலைக்குப் பயந்து கரையேறியவன்.

அவள் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் வசைதான் வரும்.

மற்ற வள்ளங்கள் எல்லாம் பொழுது சாயுமுன் கரை சேர்ந்துவிட்டன. அவள் கணவனின் வள்ளம் மட்டும் வரவில்லை. அவனது கைப்பேசி ஒலிக்கவுமில்லை. கடல்மேல் மழைமூட்டம் இறங்கியிருந்தது.

பிந்திவரும் வள்ளத்திற்காகக் கரையில் காய்ந்த ஓலையைக் கொளுத்துவார்கள் அவ்வூர்ப் பெண்கள். கலங்கரை விளக்கத்தின் விளக்கு நின்றுபோன பிறகு வந்த வழக்கம் அது.

கொளுத்த வேண்டிய இடமும் அந்த விளக்கக் கோபுரத்தின் அடிதான். பாறைகளுக்கு நடுவே உள்ள வழி, கோபுரத்திற்கு நேர் எதிரே இருக்கிறது. தீயைச் சற்றே தள்ளி மூட்டினாலும், வருகிறவனைப் பாறைக்கு அழைத்ததாகும்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கோபுரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இடமும் வலமும் இரும்புக் கால்களில் நிறுத்திய இரண்டு பெருவிளக்குகள் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சின. சாலையைப் பார்த்த முகத்தின்மேல் மட்டும். சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும்.

கடலைப் பார்த்த முகம் கரியாய் இருந்தது.

உச்சியில் இருந்த பழைய விளக்கைக் கழற்றிக் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதைக் காண்பதற்குத் தனிச் சீட்டு. வாயிலில் அன்று மாலைதான் ஒரு கல்லைத் திறந்து வைத்தார்கள். கடலோடிகளின் உயிர்காத்த பாரம்பரியச் சின்னம் என்று அதில் பொறித்திருந்தது.

காத்ததாம்.

"மேல ஏறி ஒரு அரிக்கேன் லைட்டையாவது வைலே."

"சாவி ஆபீசர்ட்ட இருக்குக்கா. மேல எதையும் தொடக் கூடாதாம். பாரம்பரியம்லா."

"ஓம் பாரம்பரியத்துல இடி விழ! ஓம் மச்சான் கடல்ல கெடக்காருலே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காலால் இன்னும் கொஞ்சம் மணலைத் தள்ளி, கனன்றுகொண்டிருந்த ஓலைத் துண்டையும் மூடினான்.

அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

அவள் நேராக இடப்பக்கத்து விளக்கை நோக்கி நடந்தாள். கயிற்றுத் தடுப்பைத் தாண்டினாள். சுடுகின்ற தகட்டை இரு கைகளாலும் பற்றினாள்.

உள்ளங்கை வெந்தது. அவள் விடவில்லை.

துருப்பிடித்த திருகு முனகியது. ஒளி, கோபுரத்தைவிட்டு வழுக்கி, மணலைத் தடவி, அலையின் நுரையைத் தொட்டு, மழைக்குள் நீண்டது.

கோபுரத்தில் பாதி இருண்டது.

சாலைப் பக்கத்தில் கூச்சல் எழுந்தது.

"ஐயய்யோ, லைட்ஹவுஸ அணைச்சிட்டாங்கப்பா! இன்னும் ஒரு போட்டோகூட எடுக்கல!"

யாரோ சீழ்க்கை அடித்தார்கள். யாரோ காவலாளியைக் கூவி அழைத்தார்கள்.

அணைந்து எத்தனை காலமாயிற்று! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தியாகு ஓடி வரும் ஓசை கேட்டது. அவள் தகட்டை இன்னும் இறுகப் பற்றினாள். வரட்டும். கையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அவன் அவளைக் கடந்து ஓடினான்.

வலப்பக்கத்து விளக்கின் முன் நின்றான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான்.

கோபுரம் முழுவதும் மறைந்தது.

"இப்பிடி போதுமாக்கா?"

அவன் திருப்பிய ஒளி, மேகத்தின் அடிவயிற்றில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"கீழ எறக்குலே, மூதேவி! கடலு என்ன வானத்துலயா கெடக்கு?"