பிழிய வராத கசடு

குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில், பிழிந்த கசடு அன்றும் சொதசொதவென்றே விழுந்தது.

“உன் மெஷினுக்குச் சளி புடிச்சிருக்கு, அக்கா,” என்று சிரித்தான் உடன் வேலை செய்யும் அருளப்பன்.

கசடு பிழியும் இயந்திரத்தை இயக்கும் செண்பகவல்லி, நிலையத்தின் கணினியிடம் காரணம் கேட்டாள். அதன் திரை சொன்னது: ‘நோயாளிக்கான சத்துக்கூழைக் கழிப்பறையில் கொட்டுகிறார்கள். அது கலந்தால் கசடு நீரை விடாது. வீடு, சி-ஏழு. நோயாளியை மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லவா?’

சி-ஏழு அவள் வீடு. உடம்புக்கு முடியாமல் வீட்டிலிருக்கும் கணவனுக்குப் போன் செய்தாள்.

“கூழக் குடிச்சேன்னு ஏங்க பொய் சொன்னீங்க?”



“எனக்கு எறங்கல, வல்லி. நான் குடிச்சேன்னு சொன்னாத்தான நீ சோத்துல கை வைக்கிற?”

“கொட்டாம வைங்க. வர்றேன். ரெண்டு பேருமாக் குடிக்கலாம்.”

மருத்துவமனைக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று தட்டி, பதிவேட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று பதிந்துவிட்டு, அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.