எந்த அப்பா?

"டிஸ்க் டிக்டிக்குனு அடிக்குதுண்ணே. எப்ப வேணா நின்னுடும்."

"உன் புருஷன்தான் பெரிய இன்ஜினீயராச்சே. அவன் பாக்கட்டுமே."

"பாத்துட்டாரு. இதோட ஜோடி டிஸ்க்கத் தவிர வேற எதுலயும் அப்பா ஏற மாட்டேங்கிறாரு."

செத்துப்போன அப்பா, குணசீலன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே மாதிரி இருந்தார். ஒன்று கெட்டாலும் மற்றதிலிருந்து பேசுவார். போன வருஷம் தங்கை பூங்கோதை சண்டை போட்டு அதில் ஒன்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே அப்பா கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். உயிரோடு இருந்தவரை படியேற விடாத அவள் புருஷன் ஆல்பர்ட்டை, "மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த டிஸ்க்கை அவள் பழைய இடத்தில் செருகினாள். திரையில் கேள்வி வந்தது: 'இரண்டும் ஒத்துப்போகவில்லை. எதை வைத்துக்கொண்டு எதை அழிக்க வேண்டும்?'

"என்னோடத வைண்ணே. உன் கால்ல விழறேன்."

"அது அப்பாவா? நீயும் உன் புருஷனும் பேசிப் பேசிப் பழக்கின கிளி."

ஸ்பீக்கரில் அவளுடைய அப்பா குறுக்கிட்டார். "குணா, நான் மனசு மாறினது நெசம்டா."

"எங்கப்பா மனசு மாறுற ஆளே இல்ல" என்று சொல்லிக்கொண்டே குணசீலன் பொத்தானை அழுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பா?" என்றாள் பூங்கோதை.

"இவள யாருடா உள்ள விட்டது?" என்றார் அப்பா.