பத்துக்கு ஒன்பது

பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்பதுதான்.

வீடியோ கேம் விமர்சகரான அவள் கணவர் ஆறுக்கு மேல் போட்டாலே அது செய்தி. அள்ளிக் கொடுக்காமல் கிள்ளிக் கொடுக்கிறவர் என்பதால் வாசகர்கள் அவருக்குக் 'கிள்ளு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியில் சலித்துக்கொள்வாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

எழுதியதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் மனைவி ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒற்று எங்கே வரும் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு ஜப்பானியர்களுடையது. குடைத் தொழிற்சாலையில் வேலை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, ஒரு ரவுடிக் கும்பலுக்காக ஊரையே அடித்து நொறுக்குகிறவனின் கதை. பல வருடங்களுக்கு முன் சக்கைப்போடு போட்டது. இப்போது அதையே அடியிலிருந்து புதிதாகச் செய்து, முதல்முறையாகத் தமிழ் வசனங்களும் திரையில் ஓடும்படி வெளியிட்டிருந்தார்கள்.

அந்த வசனங்களை எழுதியவள் இவள்தான்.

அது அவருக்குத் தெரியாது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஜப்பானியச் சலவை இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறாள் என்பதோடு அவர் நின்றுகொண்டார். பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் மாதக்கணக்கில் எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு நல்ல பொய் ஒன்றைத் தயார் செய்தும் வைத்திருந்தாள். அது இன்னும் செலவாகாமல் அப்படியே இருக்கிறது.

வேலை பிடித்துப்போய், தலைமை அலுவலகத்துக்கே வந்துவிடும்படி கம்பெனியில் கேட்டிருந்தார்கள். கடல் தாண்டிப் போக வேண்டும். போனால் மூன்று வருடம். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கிள்ளு எழுதட்டும், பார்த்துக்கொண்டு சொல்வோம் என்று இழுத்தடித்தாள். இன்றைக்குள் பதில் வேண்டும் என்று காலையில் மின்னஞ்சல் வந்துவிட்டது.

மற்ற விமர்சகர்கள் ஏற்கனவே எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒருவருக்கு விளையாட்டில் பெய்யும் மழை பிரமாதம். இன்னொருவருக்கு அதே மழை கொஞ்சம் ஜாஸ்தி. குத்துகளில் பழைய கனம் இல்லை என்று ஒருவர் மூன்று பத்திக்கு அழுதிருந்தார். வசனத்தை யாரும் சீந்தவில்லை.

கிள்ளு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தார்.

கதாநாயகன் கையில் இருந்த ரத்தத்தைத் தெருக்குழாயில் கழுவிவிட்டு வீட்டுக்கு வரும் இடம். மனைவி கதவைத் திறந்து ஒரு வரி சொல்கிறாள். அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்.

'தினமும் கதவத் தெறந்து விடுறது நான்தான். உள்ள வர்றது யாருன்னுதான் இன்னும் தெரியல.'

அதற்குக் கீழே அவருடைய எழுத்து: 'இப்படி ஒரு வரியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. விளையாடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மனைவியின் மொத்த வாழ்க்கையும் இதற்குள் இருக்கிறது. இதைக் கேட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறானே, அந்தக் கதாநாயகனை ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது.'

அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிய கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அடுத்த நொடியே 'என் வாழ்நாளில் கேட்டதில்லை' என்ற இடத்துக்குத் திரும்பிப் போய், அதை மறுபடி படித்தாள்.

விட்டுப்போன ஒரு 'ப்'பைச் சேர்த்தாள்.

"அந்த ஒத்த வரிக்குத்தான் ஒம்போது," என்றார் பின்னாலிருந்து. "அத எழுதின ஆள் மட்டும் கெடச்சா, எதிர்ல உக்கார வச்சு ஒரு நாள் முழுக்கப் பேசிட்டே இருக்கணும்."

அவள் நாற்காலியைத் திருப்பி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசலாமே."

"நீ வேற. அவங்கல்லாம் பெரிய எடத்து ஆளுங்க. நம்மகிட்ட எங்க பேசப்போறாங்க."

அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி, விமர்சனத்தை அவரே இணையத்தில் ஏற்றினார். முதல் வாசகர் உடனே வந்துவிட்டார். கிள்ளுவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே, காலிக் கோப்பையை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் கம்பெனிக்குப் பதில் எழுதினாள். வருகிறேன் என்பதற்கு ஜப்பானிய மொழியில் எத்தனையோ மரியாதைகள் உண்டு. இருப்பதிலேயே பெரிய மரியாதையைப் போட்டு அனுப்பினாள்.

அந்தக் காட்சியில் ஜப்பானிய மனைவி சொல்வது உண்மையில் ஒரே ஒரு சொல். வீடு திரும்புகிறவர்களிடம் அங்கே எல்லோரும் சொல்வதுதான். 'வந்துட்டீங்களா' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கம்பெனியில் சரிபார்த்தவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து திரைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கணவர் கண்ணில் படட்டும் என்றுதான் அவள் அந்த வரியைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள்.

போன வருடம், வேலை முடிந்து வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, எழுத்துப் பிசகாமல் இதையே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் "ம்" என்றார். பிறகு, வைஃபை ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்டார்.