வீடு மந்திரிப்பு

சாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிளாரன்ஸ் ஓடிப்போய் இன்னொரு தடவை காதோடு காதாகச் சொல்லிவிட்டாள். தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்ததாகத்தான் காட்டிக்கொள்ள வேண்டும். மற்ற பேச்சே எடுக்கக் கூடாது.

பாவம், பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கிற சின்ன வயதுப் பாதிரியார். சங்கடத்தோடு தலையை ஆட்டினார்.

சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற தைலம் அவருடைய அங்கிப் பையில் இருந்தது. அவஸ்தைப் பூசுதல் என்பார்கள் இந்தக் கரையில். ஒரு வீட்டில் அவஸ்தை கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்தால் போதும், தெருவே வந்து அழ உட்கார்ந்துவிடும்.

உள்ளே கட்டிலில் இஞ்ஞாசி படுத்திருந்தார். பிளாரன்ஸின் வீட்டுக்காரர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காலமெல்லாம் தோணி ஓட்டிய தண்டல். காற்றுக்கும் கடலுக்கும் பயப்படாத மனுஷர். ஆனால் சாவு என்றால் ஒடிந்துபோவார் என்று பிளாரன்ஸ் தானாகவே முடிவு கட்டிவிட்டாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஈரலில் கட்டி முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை, அவரிடம் மஞ்சள் காமாலை என்று மாற்றிச் சொன்னாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, யாரும் உள்ளே போய் மூக்கைச் சிந்தக் கூடாது என்று மிரட்டி அனுப்பினாள். சாயங்காலம் இருவரும் செபமாலை சொல்லும்போது, மரண நேரம் என்று வருகிற இடத்தை மட்டும் மென்று விழுங்கினாள். ஒரு செபமாலைக்குள் அது எத்தனை தடவை வரும்! அத்தனையையும் விழுங்கினாள்.

கப்பலில் வேலை பார்க்கிற மகன் ஜெனோ, இறங்கி வந்துவிடட்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். காண்டிராக்ட் முடியாமல் பிள்ளை வந்து நின்றால் அப்பாவுக்கு விளங்கிவிடாதா? வேண்டாம் என்றாள். அப்பா கஞ்சி குடிக்கிறார், டிவி பார்க்கிறார், தேறி வருகிறார் என்று வாய் கூசாமல் சொன்னாள். இருப்பதே ஒரு மகன். அவனிடமே சொன்னாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அந்த மனுஷர் கண்ணில் பயத்தைப் பார்க்க அவளால் முடியாது. அவ்வளவுதான்.

சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே சமையல்கட்டு வரை போய்த் திரும்பி, கட்டிலருகே வந்து நின்றார். வீட்டுக்காரருக்கும் ஓர் ஆசீர் தருகிறேன் என்றார். பெருவிரலைத் தைலத்தில் தொட்டு இஞ்ஞாசியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். நெற்றியோடு நிறுத்திக்கொள்ளும்படி பிளாரன்ஸ் கெஞ்சியிருந்தாள். உள்ளங்கையிலும் பூசினால் அது அவஸ்தை என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

இஞ்ஞாசி போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். உள்ளங்கைகளை விரித்துச் சாமியிடம் நீட்டினார்.

சாமி பிளாரன்ஸைப் பார்த்தார்.

“பூசுங்க சாமி. இவ செபமாலையில மரண நேரத்த முழுங்க ஆரம்பிச்சப்பமே எனக்குத் தெரிஞ்சிட்டு. பயந்துருவாளேன்னுதான் நானும் காமாலைன்னே கெடந்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. சாமி இரண்டு கைகளிலும் பூசினார். இஞ்ஞாசி கூடவே வாய்விட்டுச் செபித்தார். பயம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. போகிற இடத்தில் ஆண்டவர் நிற்கிறார் என்று நம்பினார். தோணி கரை சேர்கிற நேரம் வீட்டு ஆள் வந்து நிற்கும் என்று நம்புகிற மாதிரிதான் அதையும் நம்பினார்.

பிளாரன்ஸ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சே, என்ன காரியம் செய்தோம். இத்தனை நாளில் எவ்வளவு பேசியிருக்கலாம். கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் கொடுத்தே நாளெல்லாம் போய்விட்டதே. இல்லாத காமாலைக்கு அந்தக் கசப்பையும் மனுஷர் மடக்கு மடக்கென்று குடித்தாரே.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு இஞ்ஞாசி அவள் தலையில் கை வைத்தார்.

“ஏளா, சாமியவே கூட்டியாந்துட்ட. அப்பம் ஜெனோவையும் வரச் சொல்லியிருப்ப. அவன் மொகத்த ஒருக்க பாத்துட்டாப் போதும், போயிருவேன். இப்பம் எங்கன வாரான்?”

அன்று விடியற்காலையில்தான் ஜெனோ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டிருந்தான். இங்கே இறங்காவிட்டால் அடுத்த கரை பிரேசில்தான், ஒரு மாதம் ஆகும், உண்மையைச் சொல்லும்மா என்று கெஞ்சினான். அப்பா எழுந்து நடக்கிறார், நீ நிம்மதியாகப் போ ராசா என்று அவள் சொல்லியிருந்தாள். கப்பல் புறப்பட்டுவிட்டது என்று மத்தியானம் அவனிடமிருந்து செய்தியும் வந்துவிட்டது.

“பிளேன் ஏறிட்டான்,” என்றாள் பிளாரன்ஸ்.