புளியமரத்தடி மட்டும்

"இந்தப் படகு அக்கரை சேர்றதைப் பாக்காம என்னால இருக்க முடியாதுங்க சாமி! இந்த ஒரு எடத்துல மட்டும் தகரம் அடிக்காதீங்க."

பாலம் கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் குமரனைக் கையெடுத்துக் கும்பிட்டாள் செல்லியம்மாள். காவிரிக் கரை நெடுக ஆளுயரத்துக்கு நீலத் தகரம் அடித்துக்கொண்டே வந்தார்கள். மிச்சமிருந்தது புளியமரத்தடி மட்டும்தான்.

குமரனுக்குச் சிரிப்பு வந்தது. "போட்டைப் பாக்கறதுக்கா இந்தக் கெஞ்சல்? பாலம் வந்துட்டா நடந்தே அக்கரைக்குப் போலாமுங்க."

"ஊரே போகும் சாமி. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லீங்களே!"

அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. மகள் தீபிகா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு அக்கரையில் குடியேறிவிட்டாள். படகு போய் நின்றதும், இடுப்பில் கைக்குழந்தையோடு படித்துறைக்கு வந்து சுண்டல் விற்பாள். இங்கிருந்து பார்த்தால் புடவை நிறம் மட்டும்தான் தெரியும். பேரனின் முகத்தைச் செல்லியம்மாள் இன்னும் பார்த்ததே இல்லை, பாவம்.

"அந்தப் போட்டுலயே ஏறிப் போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானுங்களே?"

"எங்கூட்டுக்காரரு மாரியாயி கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டாருங்க, நாங்க ரெண்டு பேரும் அக்கரை மண்ணை மிதிக்க மாட்டோம்னு. புள்ள பேச்சை எடுத்தாலே சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுருவாரு."

அவள் புருஷன் செங்கோடன் அப்படித்தான். சரியான கல்நெஞ்சுக்காரர் என்று ஊரே சொல்லும். அவருக்குத் தெரியாமல், செல்லியம்மாள் ஆடு மேய்க்கிற சாக்கில் தினமும் சாயங்காலம் இங்கே வந்துவிடுவாள். யாரோ புண்ணியவான் முள்ளை வெட்டி, உட்காரத் தோதாக ஒரு கல்லையும் புரட்டிப் போட்டிருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"இதையும் மறைச்சீங்கன்னா நான் செத்தே போயிருவேன் சாமி!"

காலில் விழப் போனவளைக் குமரன் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்கம்மா. இந்த எடத்துல மட்டும் ஒரு சந்து விடச் சொல்லிட்டேன்."

"அதெப்படிங்க? நான் இப்பத்தானே வந்து கேக்கறேன்!"

"காலையிலயே ஒருத்தரு வந்து, மகளைப் பாக்கணும்னு இதே மாதிரி தேம்பித் தேம்பி அழுதாருங்க."

"யாரு சாமி அது?"

"பேரு செங்கோடன்னு சொன்னாருங்க."