பதுவாவில் கொதித்த ரசம்

"ஏனுங்க, பேசாம மாளவிகாவத் திரும்பி வரச் சொல்லிடலாமுங்களா?"

ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்தபடி மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். "என்னாச்சு சாந்தா? செமஸ்டர் பாதிகூட முடியலையே."

"முடியறதுக்குள்ள புள்ள பட்டினியா கெடந்து எளைச்சுப் போயிருவா. ஒரு ரசம் வெக்கத் தெரியலீங்க அவளுக்கு. போன வாரம் சொல்லிக் குடுத்ததையே நேத்தும் கேக்கறா. எந்த ராஜா எந்த வருசம் செத்தான்னு ஞாபகம் இருக்குது, புளித் தண்ணி எப்ப ஊத்தணும்னு ஞாபகம் இருக்காதா?"

"ஒரு டம்ளரைக்கூட கழுவ விடாம செல்லம் குடுத்து வளர்த்தது யாரு?"

"ஆமா, நீங்க ரொம்பக் கண்டிச்சுட்டீங்க."

மயில்சாமி சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டார். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் அவருக்காகக் காத்திருக்காது. "மதியம் பேசும்போது நீயே அவகிட்ட சொல்லிக்க. அப்புறம், டாக்டர் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. உன் சுகர் நல்லா எறங்கியிருக்காம். இப்படியே மெயின்டெய்ன் பண்ணச் சொல்றாங்க."

"புள்ளைய நெனச்சுக் கவலப்பட்டே எறங்கியிருக்கும்," என்றாள் சாந்தாமணி.

மாளவிகா எக்ஸ்சேஞ்ச் மாணவியாக இத்தாலிக்குப் போயிருந்தாள். பதுவா என்று ஒரு ஊர். தடுக்கி விழுந்தால் ஒரு மாணவன் மேல்தான் விழ வேண்டும், அப்படி ஒரு யுனிவர்சிட்டி ஊர்.

கிளம்பும்போது நெவார்க் ஏர்போர்ட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ம்மா, அப்பா ஆபீஸ் போயிடுவார். நான் இல்லேன்னா லஞ்ச் சாப்பிடுவியா நீ?"

"எனக்கென்ன கண்ணு, ரெண்டு பிஸ்கட்டும் காப்பியும் போதும். ஒருத்திக்குன்னு எவ அடுப்பு பத்த வெப்பா?"

"டேப்லெட் போடற ஆளு நீ. ப்ராமிஸ் பண்ணு."

"அட, போயிட்டு வா."

போன முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது மதிய வீடியோ கால். இங்கே பிளெய்ன்ஸ்பரோவில் மதியம் என்றால் அங்கே சாயங்காலம். "ம்மா, டின்னருக்குப் பருப்பு பண்ணப் போறேன். நீ அங்க பண்ணு, நான் இங்க பார்த்துப் பண்றேன்." போனில் அவள் முகம் மட்டும்தான் தெரியும். சாந்தாமணி தன் வீட்டு அடுப்பில் செய்து காட்டுவாள். முடிந்ததும், "உன்னோடதை சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. நானும் சாப்பிடறேன்" என்பாள் மகள். பேசிக்கொண்டே இருவரும் சாப்பிட்டு முடிப்பார்கள். மறுநாள் இவள் சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்து போயிருக்கும்.

இன்றைக்குத் திரும்பி வரச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, மகள் அழைப்பதற்கு முன்னால் சாந்தாமணியே போன் போட்டாள்.

எடுத்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். மாளவிகாவின் ரூம்மேட் கியாரா. "ஆன்ட்டி!" என்று சந்தோஷமாகக் கையாட்டினாள். "மாளவிகா போனை சார்ஜ்ல போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிருக்கா. சாப்பாடு எடுத்துட்டு இப்ப வந்துடுவா."

"மெஸ்ஸா?" சாந்தாமணிக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் ஒன்றாக வந்தது. "அப்ப ரூம்ல சமைக்கறது? அடுப்பு?"

"அடுப்பா?" கியாரா சிரித்துவிட்டாள். "இந்த ஹாஸ்டல்ல அடுப்பே கிடையாது ஆன்ட்டி. ஒரு தீக்குச்சி கிழிச்சாலும் அலாரம் கத்தும். நாங்க எல்லாரும் மெஸ்லயே சாப்பிட்டுடுவோம். அவ மட்டும் தட்டைத் தூக்கிட்டு மேல வந்துடுவா. எங்க அம்மா தனியா இருந்தா சாப்பிட மாட்டாங்க, நான் கூட உட்காரணும்னு சொல்வா."

சாந்தாமணி அடுப்பு மேடையைப் பார்த்தாள். எதிரே ஊற வைத்த புளி இருந்தது. நறுக்கிய தக்காளி இருந்தது. குக்கரில் அளவாக ஒரு ஆளுக்கு அரிசி இருந்தது. பெற்ற வயிறு குளிர்ந்து போனது அவளுக்கு.

"நான் கூப்பிட்டதை அவகிட்ட சொல்லாத கண்ணு," என்று கியாராவிடம் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. மாளவிகாவின் முகம், முகம் மட்டும்.

"சாரிம்மா, லேட்டாயிடுச்சு. இன்னைக்கும் ரசம்தான். நேத்து சரியாவே வரலை. புளித் தண்ணி எப்ப ஊத்தணும், மறுபடி சொல்லு. அடுப்பு பத்த வெச்சுட்டேன்."

சாந்தாமணி தன் அடுப்பையும் பற்ற வைத்தாள்.

"சின்னத் தீயாவே வெச்சுக்க கண்ணு. அலாரம் அடிச்சுடப் போகுது."